ஒரே மாடல் கார். ஒன்றில் ஒரு ஏர்பேக், மற்றதில் இரண்டு. ஏன்?

கேள்வி: 2022 ஜனவரியில், பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு சின்னக் கார் எடுத்தேன். பேஸ் மாடல்தான். அடுத்த மாதமே பக்கத்து வீட்டு அண்ணாச்சி அதே கம்பெனியில் அதே மாடல், அதே வெள்ளை நிறம் எடுத்தார். அவர் வண்டியில் முன்னால் இரண்டு பக்கமும் ஏர்பேக் இருக்கிறது. என்னுடையதில் டிரைவருக்கு மட்டும்தான். ஷோரூமில் கேட்டதற்கு, "ரூல் மாறிடுச்சு சார்" என்று முடித்துக்கொண்டார்கள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் எல்லா வண்டிக்கும் ஒரே நாளில் சட்டம் போடாமல் தவணை ஏன்? கம்பெனிக்காரர்கள் சொன்னபடி செய்தார்களா என்று அரசாங்கத்துக்கு எப்படித் தெரியும்? இப்போது நம்ம ஊர் சிலாநத்தத்திலேயே கார் ஆலை வந்துவிட்டதால் தெரிந்துகொள்ள ஆசை. இன்னொன்று, இடது பக்கத்துக்கு வெளியே ஒரு ஏர்பேக் வாங்கி மாட்டிக்கொள்ளலாமா?
வாசகர், ஸ்பிக் நகர், தூத்துக்குடி

பதில்: முதலில் உங்கள் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். வண்டி தயாரான மாதம், வருடம் என்று ஒரு கட்டம் இருக்கும். நீங்கள் எடுத்தது 2022 ஜனவரி. ஆனால் அந்தக் கட்டத்தில் 2021இன் ஏதாவது ஒரு மாதம் இருக்கும் என்று நினைக்கிறேன். அண்ணாச்சியின் ஆர்.சி.யில் அது 2022 ஆக இருக்கக்கூடும். அப்படியென்றால் உங்கள் முதல் கேள்விக்கான விடை அந்தச் சின்னக் கட்டத்திலேயே இருக்கிறது. சட்டம் கேட்பது வண்டி ஆலையை விட்டு வந்த நாளை. நீங்கள் பணம் கட்டிச் சாவி வாங்கிய நாள் அதற்குக் கணக்கில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். 2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் தயாராகும் எல்லாக் கார்களிலும் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். கூடவே சீட் பெல்ட் போடாவிட்டால் கத்தும் மணி, வேகம் கூடினால் எச்சரிக்கும் ஒலி, பின்னால் எடுக்கும்போது உதவும் சென்சார் ஆகியவையும் அன்றே கட்டாயமாயின. ஏ.ஐ.எஸ். 145 என்ற விதி அது. ஏ.ஐ.எஸ். என்பது வாகனத் தொழிலுக்கென்று நம் நாட்டில் வகுக்கப்படும் தர வரையறைகளின் பெயர். அடுத்து, 2021 மார்ச்சில், முன்னால் இடது பக்கம் உட்காருபவருக்கும் ஏர்பேக் வேண்டும் என்று மத்திய அரசு அறிவித்தது. புதிதாகச் சந்தைக்கு வரும் மாடல்களுக்கு 2021 ஏப்ரல் 1 என்றும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மாடல்களுக்கு ஆகஸ்ட் 31 என்றும் தேதி வைத்தார்கள். இரண்டாவது தேதி கொரோனாக் காலத்தில் டிசம்பர் 31க்குத் தள்ளிப்போனது. உங்கள் மாடல் பழையது. அது கடைசித் தேதிக்கு முன் தயாராகி, டீலர் யார்டில் நின்று, பொங்கலுக்கு உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. ஷோரூமில் சொன்ன பதில் தவறில்லை. ஆனால் தயாரிப்பு மாதத்தையும் அவர்கள் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கும் உரிமை உங்களுக்கு இருந்தது.

தயாரிப்பு நாளுக்கும் விற்பனை நாளுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று 2017 மார்ச் கடைசியில் ஊரே பார்த்தது. புகை விதியில் பி.எஸ். 3 முடிந்து பி.எஸ். 4 வரும் நேரம். ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 3 வண்டிகளை விற்கவே கூடாது என்று மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாடு முழுக்க 8 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் கையிருப்பில் இருந்தன, பெரும்பாலும் இருசக்கர வண்டிகள். மிச்சம் இருந்த இரண்டு நாளில் ஸ்கூட்டருக்கும் பைக்குக்கும் விழுந்த தள்ளுபடியும் ஷோரூம்களில் அலைமோதிய கூட்டமும் உங்களுக்கும் நினைவிருக்கும். புகைக்கு விற்பனை நாளைக் கணக்கில் எடுத்தார்கள். ஏர்பேக்குக்குத் தயாரிப்பு நாளை எடுத்தார்கள். உங்களுக்கும் அண்ணாச்சிக்கும் நடுவில் விழுந்த கோடு அதுதான்.

இனி தவணை விஷயம். "கம்பெனிக்காரர்கள் டில்லியில் ஆள் பிடித்துத் தேதி வாங்கிவிடுகிறார்கள்" என்று பலரும் நம்புகிறார்கள். தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லித் தொழில்துறை கேட்பது உண்மை. அது எல்லா நாட்டிலும் நடப்பது. ஆனால் அவர்கள் கேட்காவிட்டாலும் தவணை தேவைப்படும்.

அண்ணாச்சியிடம் கேட்டுக்கொண்டு அவர் காரின் இடது முன் சீட்டில் உட்காருங்கள். எதிரே டேஷ்போர்டைத் தடவிப் பாருங்கள். மேலே வழவழப்பாகத்தான் இருக்கும். ஆனால் உள்பக்கம் ஒரு கோட்டில் பிளாஸ்டிக்கை வேண்டுமென்றே மெலிதாக்கியிருப்பார்கள். மோதும்போது பை அந்தக் கோட்டில் கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். துண்டு தெறித்து முகத்தில் அடிக்கக் கூடாது. இதற்காக டேஷ்போர்டு வார்க்கும் அச்சையே மாற்ற வேண்டும். பையைத் தாங்க உள்ளே இரும்புச் சட்டம் வேண்டும். இடது பக்கப் பை டிரைவர் பையைவிடப் பெரியது, ஏனென்றால் அங்கே ஆளுக்கும் டேஷ்போர்டுக்கும் இடைவெளி அதிகம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மூளை இருக்கிறது: மோதலை உணர்ந்து பையை விரிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் மின்னணுப் பெட்டி. பள்ளத்தில் விழுந்த குலுக்கல், நாய் குறுக்கே வந்து போட்ட சடன் பிரேக், சுவரில் மோதிய அடி, மூன்றையும் அது பிரித்தறிய வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரம் கண் இமைப்பதைவிடக் குறைவு. ஒவ்வொரு மாடலின் உடம்பும் அடி வாங்கும் விதம் வேறு. அதனால் அந்த மாடலையே மோதிப் பார்த்துத்தான் அந்தப் பெட்டிக்குச் சொல்லிக்கொடுக்க முடியும்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா கொடுத்த விலை பெரியது. 1990களில் அங்கே விரிந்த ஏர்பேக்குகள் ஆயிரக்கணக்கான உயிரைக் காப்பாற்றின. அதே பைகளின் வேகம் தாங்காமல், முன் சீட்டில் இருந்த குழந்தைகளும் ஸ்டியரிங்குக்கு மிக நெருக்கமாக உட்கார்ந்த குள்ளமான பெண்களும் இறந்தார்கள். சின்ன விபத்துகளிலேயே அப்படி நடந்தது. பிறகு 2000இல், உட்கார்ந்திருப்பவரின் உடல்வாகைப் பார்த்து விரியும் பைகள் வேண்டும் என்று புதிய விதி எழுதினார்கள். அதையும் படிப்படியாகத்தான் கொண்டுவந்தார்கள்.

ஆகவே கால அவகாசத்தை நான் குறை சொல்ல மாட்டேன். புதிய மாடலை வரைபலகையிலேயே விதிக்கு ஏற்பச் செய்துவிடலாம். பழைய மாடலைப் பிரித்துத் திருத்த நாள் பிடிக்கும். சில பழைய மாடல்களைத் திருத்தவே முடியாது. மாருதி ஓம்னி அப்படிப் போனது. டிரைவர் முழங்காலுக்கு முன்னால் ஒரு சாண் தகடுதான்; மோதலை வாங்கி நசுங்க அங்கே மூக்கே இல்லை. மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கத்தின் ஒரு பகுதியை நசுங்கும் தடுப்பில் மோதவிடும் சோதனை, புதிய மாடல்களுக்கு 2017 அக்டோபர் 1 முதலும் பழைய மாடல்களுக்கு 2019 அக்டோபர் 1 முதலும் கட்டாயமானது. ஓம்னி அந்த இரண்டாவது தேதியைப் பார்க்காமல் 2019லேயே விடைபெற்றது. பள்ளிப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போன எத்தனை ஓம்னிகளை நாம் பார்த்திருக்கிறோம்! அந்த வண்டி நின்றதில் எனக்கு வருத்தம் இல்லை.

அடுத்தது உங்கள் மற்றொரு கேள்வி. அரசுக்கு எப்படித் தெரியும்? ஆர்.டி.ஓ. ஆபீசில் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்தாரே, அங்கே பிடிபட்டுவிடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அவர் பார்த்தது சேசிஸ் நம்பர், என்ஜின் நம்பர், காகிதங்கள் ஆகியவற்றை. ஏர்பேக் சரியான நொடியில் விரியுமா என்பதை விரித்துப் பார்த்தால் ஒழியச் சொல்ல முடியாது. விரித்துவிட்டால் அந்தப் பை அத்தோடு போயிற்று. எல்லா வண்டியையும் சோதிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்தச் சிக்கல் நம் கடற்கரைக்குப் பழக்கமானது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பியைத் திறக்காமல் உள்ளே முத்து இருக்கிறதா என்று எவராலும் சொல்ல முடியாது. கடலுக்குள் பார் எனப்படும் பாறைத்திட்டில் கிடக்கும் சிப்பியோ லட்சக்கணக்கு. அதனால் குளிப்பை அறிவிக்கும் முன் சர்க்கார் ஆட்கள் பார்களைச் சுற்றிவருவார்கள். ஒவ்வொரு பாரிலிருந்தும் குளியாட்களை விட்டு மாதிரிச் சிப்பி எடுப்பார்கள். அதைக் குவித்து, அழுகவிட்டு, ஈ மொய்க்கும் அந்தச் சதையைக் கழுவி அரித்து, கிடைத்த முத்தை விலை மதிப்பார்கள். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறும் என்று கணக்கு வரும். அது தேறினால்தான் குளிப்பு. குளிப்பு தொடங்கிய பிறகு வேறொரு வேலை உண்டு. கரைக்கு வந்த சிப்பியைச் சர்க்கார் பங்கு, குளியாள் பங்கு என்று பிரித்து, தினமும் எண்ணி ஏட்டில் எழுதுவார்கள். முன்னே மாதிரி, பின்னே எண்ணிக்கை. நம் பக்கத்தில் 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை; ஆனால் அந்த இரண்டு வேலையையும் மனத்தில் வைத்துக்கொண்டால் கார் விவகாரம் எளிதாகப் புரிந்துவிடும்.

நம் நாட்டு முறை மாதிரியை நம்புகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இல் 126ஆம் விதிப்படி, ஒரு மாடலை விற்கும் முன் கம்பெனி அதன் மாதிரி வண்டியை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் ஐகேட், நம் மாநிலத்தில் ஒரகடத்தில் உள்ள உலக வாகன ஆராய்ச்சி மையம் போன்றவை அந்த நிலையங்கள். தேறினால் வகை ஒப்புதல் கிடைக்கும். அதாவது, இந்த வகை வண்டி விதிப்படி இருக்கிறது என்ற சான்று. மாதிரிக்கு மட்டும் நல்ல பொருளைப் போட்டுவிட்டுப் பிறகு மட்டமாகச் செய்தால்? அதற்குத்தான் 126ஏ விதி. உற்பத்தி வரிசையிலிருந்தே வண்டியை எடுத்துச் சோதிப்பார்கள். உற்பத்தி ஒப்புமைச் சோதனை என்று இதற்குப் பெயர். விற்கும்போது ஒவ்வொரு வண்டிக்கும் படிவம் 22 என்ற தாளைக் கம்பெனி தர வேண்டும். இந்த சேசிஸ் நம்பர் கொண்ட வண்டி புகை விதிக்கும் பாதுகாப்பு விதிக்கும் உட்பட்டது என்று கம்பெனி கையெழுத்துப் போடும் உறுதிமொழி அது. உங்கள் வண்டிக்கும் அது உண்டு. பதிவுக்குக் கொடுத்த காகிதங்களில் இருந்திருக்கும்.

அமெரிக்க முறை எண்ணிக்கையை நம்புகிறது. அங்கே முன்கூட்டி ஒப்புதல் வாங்கும் வழக்கமே இல்லை. கம்பெனி தானே சோதித்து, தானே சான்று ஒட்டி, விற்றுவிடலாம். நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்புக்கான அரசு நிறுவனம் பிறகு கடைக்குப் போய்ச் சாதாரண வாடிக்கையாளர் போல வண்டி வாங்கிச் சோதித்துப் பார்க்கும். புதிய விதியைக் கொண்டுவரும்போது அவர்கள் பல முறை தேதிக்குப் பதில் விழுக்காட்டைக் கொடுக்கிறார்கள். இ.எஸ்.சி. விதி நல்ல உதாரணம். வளைவில் வண்டி வழுக்கினால், தேவையான சக்கரத்தை மட்டும் தானாகப் பிரேக் பிடித்து நேராக்கும் ஏற்பாடு அது. 2008 செப்டம்பரில் தொடங்கும் ஆண்டில் ஒரு கம்பெனி செய்யும் வண்டிகளில் 55 விழுக்காட்டில் அது இருக்க வேண்டும், அடுத்த ஆண்டு 75, அதற்கடுத்த ஆண்டு 95, 2011 செப்டம்பர் முதல் அனைத்திலும் என்று வைத்தார்கள்.

விழுக்காடு என்று வந்துவிட்டால் கணக்கு கேட்காமல் முடியுமா? அதற்கென்றே அவர்கள் விதித்தொகுப்பில் 49ஆம் தலைப்பின் 585ஆம் பகுதி இருக்கிறது. முழுக்க முழுக்க அறிக்கை தாக்கல் செய்வதைப் பற்றியது. உற்பத்தி ஆண்டு முடிந்த 60 நாளுக்குள் ஒவ்வொரு கம்பெனியும் எத்தனை வண்டி செய்தது, அவற்றில் எத்தனை புதிய விதிப்படி உள்ளவை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எந்தெந்த வண்டி என்பதை அடையாள எண்ணோடு பதிவேட்டில் பல ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். பிற்பாடு எவராவது, "இந்த வண்டி அந்த 55இல் சேர்ந்ததா?" என்று கேட்டால் காட்டியாக வேண்டும்.

கணக்கு இப்படிப் போகும். ஒரு கம்பெனி ஆண்டுக்கு 40,000 வண்டி செய்வதாக வைத்துக்கொள்வோம். 55 விழுக்காடு என்றால் 22,000. அது முந்திக்கொண்டு 25,000 வண்டியில் இ.எஸ்.சி. வைத்துவிட்டது. கூடுதலான 3,000 வரவில் நிற்கும். அடுத்த ஆண்டு 75 விழுக்காடாகிய 30,000 வேண்டும். வரவைக் கழித்தால் 27,000 போதும். சீக்கிரம் செய்தவனுக்குச் சலுகை கிடைக்கிறது. உற்பத்தி ஏறி இறங்கினால் சிக்கல் வராதிருக்க, அந்த ஆண்டின் உற்பத்தியையோ முந்தின மூன்று ஆண்டுச் சராசரியையோ அடிப்படையாகக் கொள்ளலாம் என்றும் இடம் கொடுத்திருக்கிறார்கள். மளிகைக்கடைப் பேரேடு எழுதத் தெரிந்த நம்மூர் ஆட்களுக்கு இதில் புரியாதது ஒன்றும் இல்லை.

எது மேல் என்று கேட்டால், சோதனையில் நம் முறையை நான் விரும்புகிறேன். மோதிப் பார்க்காத கார் விற்பனைக்கே வராது என்பது நல்ல கட்டுப்பாடு. ஆனால் எண்ணிக்கையில் நாம் பின்தங்கியிருக்கிறோம். இரண்டு தேதி முறையில், நடுவே உள்ள மாதங்களில் எத்தனை பழைய வண்டி பழைய மாதிரியே வெளியே போனது என்று கம்பெனி அறிக்கை கொடுக்க வேண்டிய அவசியம் வருவதில்லை. தேதி தாண்டினால் சரி. கணக்கு போடுவது கஷ்டமும் இல்லை. இன்று ஒவ்வொரு வண்டியின் சேசிஸ் நம்பரும் தயாரிப்பு மாதமும் வாகன் என்ற அரசின் மின்பதிவேட்டில் ஏறுகின்றன. ஏர்பேக் எத்தனை என்ற ஒரு கட்டத்தையும் அதில் சேர்த்து, மாதாமாதம் கம்பெனிவாரியாக வெளியிட்டால், நீங்கள் ஜனவரியில் பணம் கட்டும் முன்பே யோசித்திருப்பீர்கள். கணக்கு வெளியே தெரிந்தால் தேதியைத் தள்ளுவதும் எளிதாக இருக்காது. ஆறு ஏர்பேக் கதையைப் பாருங்கள்: 2022 ஜனவரியில் வரைவு வந்தது, அந்த ஆண்டு அக்டோபர் என்றார்கள், பிறகு 2023 அக்டோபர் என்றார்கள், கடைசியில் கட்டாயமே இல்லை என்று மத்திய அமைச்சர் சொல்லிவிட்டார். அதே 2023 அக்டோபர் 1 அன்று தொடங்கிய பாரத் என்கேப் என்ற மோதல் சோதனை நட்சத்திர மதிப்பீடுதான் இப்போது வாங்குகிறவர் கையில் இருக்கும் ஆயுதம். அது கம்பெனி விருப்பப்பட்டு வருவது.

சிலாநத்தம் பற்றிக் கேட்டீர்கள். வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2024 பிப்ரவரி 25 அன்று அங்கே அடிக்கல் நாட்டி, 2025 ஆகஸ்ட் 4 அன்று ஆலையைத் திறந்தது. தொடக்கத் திறன் ஆண்டுக்கு 50,000 வண்டி. அங்கே உருவாகும் விஎஃப் 6, விஎஃப் 7 இரண்டும் மின்சாரக் கார்கள். நம் சந்தைக்கு 2025இல் வந்த மாடல்கள் என்பதால், மேலே சொன்ன தேதிகள் எதிலும் அவற்றுக்குப் பழைய மாடல் தவணை இல்லை. எல்லாம் முதல் நாளிலிருந்தே பொருந்தும். மின்சாரக் காருக்கு பேட்டரி விதி வேறு உண்டு. 2022இல் ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்ததும், மார்ச்சில் வேலூரில் சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் எரிந்து தகப்பனும் மகளும் இறந்ததும் நாட்டையே உலுக்கின. அதன்பின் பேட்டரி விதிகளை இறுக்கினார்கள். 2022 அக்டோபர் 1 என்று முதலில் சொல்லி, பிறகு பாதியை டிசம்பர் 1க்கும் மீதியை 2023 மார்ச் 31க்கும் பிரித்தார்கள். ஒரு செல் சூடேறி எரிந்தால் அடுத்த செல்லுக்குத் தீ பரவாமல் இருக்கிறதா என்ற சோதனையும் அந்த இறுக்கத்தில் வந்ததுதான். நம் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறும் கார் என்றால், அது போய் இறங்கும் நாட்டின் விதிக்கு உட்பட வேண்டும்.

கடைசியாக, வெளியே ஏர்பேக் வாங்கி மாட்டலாமா என்றீர்கள். தயவுசெய்து வேண்டாம். எந்தக் கடையில் என்ன உத்தரவாதம் தந்தாலும் வேண்டாம். உங்கள் டேஷ்போர்டில் அந்த மெலிந்த கோடு இல்லை, உள்ளே சட்டம் இல்லை, உங்கள் காரின் மின்னணுப் பெட்டிக்கு அந்தப் பையைத் தெரியாது. விரிய வேண்டிய நேரத்தில் விரியாமலும், விரியக் கூடாத நேரத்தில் விரிந்தும் அது ஆளைக் கெடுக்கும்.

அண்ணாச்சி காரில் ஏர்பேக் இருக்கும் இடத்தில் எஸ்.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். அதில் முதல் எழுத்து, இது துணைப் பாதுகாப்பு என்பதைச் சொல்கிறது. முதன்மைப் பாதுகாப்பு பெல்ட். அது இரண்டு காரிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. உங்கள் இடது சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்கள், நூல் பிரிந்திருக்கிறதா என்று கவனியுங்கள், வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். பூட்டவில்லை என்றால் உடனே சர்வீஸ் சென்டரில் மாற்றிவிடுங்கள். சின்னப் பிள்ளைகளைப் பின் சீட்டில் உட்கார வையுங்கள், அண்ணாச்சியிடமும் சொல்லுங்கள்; முன் சீட்டில் பிள்ளை உட்கார்ந்தால் அவர் கார்தான் அதிக ஆபத்து.